கேர்ட்ஸ்கியின் எம்எஸ் அளவுகோல்: வன்னி கிளினிக்கில் அந்த எண்ணை எப்படிப் போடுவது?

துணுக்காய் மாணவி

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்எஸ், மூளை முண்ணாண் நரம்புகளின்ரை உறை கழலுற நோய்) மருந்து பற்றின எந்த ஆய்வை எடுத்தாலும் ஈடிஎஸ்எஸ் (விரிவாக்கின இயலாமை அளவுகோல்) எண்டு ஒரு எண் வருது. அதை உருவாக்கின ஜோன் கேர்ட்ஸ்கி அமெரிக்க நரம்பியல் நிபுணர், 1926 இல பிறந்து 2015 இல இறந்தவர். பாடப்புத்தகத்தில அவருக்கு இரண்டு வரிதான் ஒதுக்கியிருக்கினம். மூண்டு விசயம் தெரியவேணும். அந்த அளவுகோல் எதுக்காக வந்தது? அவற்றை பரோ தீவு ஆய்வுக்கு இண்டைக்கு என்ன மதிப்பு? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நோயாளி முன்னால இருக்கேக்கை அந்த எண்ணை எப்படிப் பிழையில்லாமல் போடுறது? தெரிஞ்ச ஆக்கள் விபரமாய் எழுதுங்கோ.

இரணைமடு வைத்தியர்

தங்கச்சி, முதற் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

ஐசோனியசிட்டை எங்கள் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசநோய் மருந்தாக எல்லாருக்கும் தெரியும். 1950களின் முற்பகுதியில், நியூயோர்க் பிரொங்ஸ் படைவீரர் வைத்தியசாலையில் அதை எம்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பலன் கிடைப்பது போலத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு பலன் என்று சொல்ல அவர்களிடம் ஒரு கோல் இருக்கவில்லை. அதற்காகக் கேர்ட்ஸ்கி 1955 இல் 0 முதல் 10 வரையான இயலாமை அளவை வெளியிட்டார். 0 என்றால் பரிசோதனையில் குறை இல்லை, 10 என்றால் எம்எஸ்ஸால் மரணம். பிறகு பல படைவீரர் வைத்தியசாலைகள் சேர்ந்து, ஒப்பீட்டுக் குழுவும் வைத்து நடத்திய ஆய்வு 1957 இல் வந்தது. ஐசோனியசிட்டால் பயன் இல்லை என்பது அதன் முடிவு. அவரும் சகாக்களும் நம்பிக்கை வைத்த மருந்து இப்படித்தான் கைவிடப்பட்டது. ஒரு ஆய்வாளரிடம் நான் மதிக்கும் குணம் இது.

1961 இல், ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி போடும்படி, தொழிற்பாட்டுத் தொகுதிகளைப் பிரித்து எழுதினார்: இயக்கத்துக்கான பிரமிட் பாதை, மூளி (சமநிலையைக் காக்கும் சிறுமூளை), மூளைத்தண்டு, புலனுணர்வு, மலசலம், பார்வை, மூளைய அறிவுத் தொழிற்பாடு, ஏனையவை. 1983 இல் 1 முதல் 9 வரையான ஒவ்வொரு படியையும் இரண்டாகப் பிளந்தார். இன்று பாவிப்பது அதைத்தான். 0.5 என்று ஒரு படி கிடையாது. 0 க்கு அடுத்தது 1.0, ஆகவே மொத்தம் 20 படிகள்.

1993 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது பீட்டா இன்டர்பெரோன் மருந்தின் ஆய்வில் 0 முதல் 5.5 வரை இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். முதன்மை முன்னேற்ற வகைக்கான (தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் எம்எஸ்) ஒக்ரெலிசுமாப் மருந்தின் ஆய்வில், 2017 இல் வெளிவந்தது, 3.0 முதல் 6.5 வரை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. அதனால் அரைப்புள்ளி பிழையாகப் போடுவது சின்ன விசயமில்லை.

மாங்குளம் பிசியோ

டொக்டர் விட்ட இடத்தில இருந்து தொடருறன். 4.0 க்குக் கீழே தொகுதிப் புள்ளிகள்தான் எண்ணைத் தீர்மானிக்கும். 4.0 இலிருந்து நடைதூரம் கையில எடுக்குது. 1983 கட்டுரைப்படி, உதவியும் ஓய்வும் இல்லாமல்:

4.0 – ஏறத்தாழ 500 மீற்றர்
4.5 – 300 மீற்றர்
5.0 – 200 மீற்றர்
5.5 – 100 மீற்றர்

6.0 எண்டால் ஒருபக்க உதவியோட 100 மீற்றர், இடையில ஓய்வு எடுத்தாலும் சரி. 6.5 எண்டால் இரண்டு பக்கமும் உதவி, ஓய்வில்லாமல் 20 மீற்றர். 7.0 இல உதவியோடையும் 5 மீற்றருக்கு மேல ஏலாது, வீல் செயார் தேவை.

இதில நடக்கிற பெரிய பிழை, நோயாளியிட்டை “எவ்வளவு தூரம் நடப்பியள்?” எண்டு கேட்டு எழுதுறது. ஆக்கள் மீற்றரில யோசிக்கிறேல்லை. “சந்தி வரைக்கும் போவன்” எண்டுதான் சொல்லுவினம், சந்தி 150 மீற்றரிலும் இருக்கும், 600 மீற்றரிலும் இருக்கும். நடக்கவிட்டு அளக்கவேணும்.

அளக்க வேண்டியது ஒரு 25 மீற்றர் நைலோன் கயிறு, இரண்டு கலர் ரேப் அடையாளம், ஒரு கதிரை. சீமெந்து விறாந்தையில 25 மீற்றரை அடையாளம் வையுங்கோ. போய்த் திரும்பினால் 50, பத்து தரம் போய்வந்தால் 500. விறாந்தை 10 மீற்றர்தான் எண்டால் அதில செய்யாதேங்கோ. 500 மீற்றருக்குக் கிட்டத்தட்ட ஐம்பது தரம் திரும்பவேணும். மூளி பாதிச்ச ஆள் திரும்புற இடத்திலதான் தள்ளாடும், தூரம் குறைஞ்சு வரும். முத்தத்துக் கிரவலிலையும் மணலிலையும் எடுத்த அளவை சீமெந்தில எடுத்த அளவோட ஒப்பிட ஏலாது.

செருப்பைக் கவனியுங்கோ. ரப்பர் செருப்பு கழண்டு விழுந்தும் தெரியாமல் இரண்டு அடி நடந்தால் பாத உணர்வு போட்டுது. செருப்பை நிலத்தில இழுத்து இழுத்து நடந்தால் கணுக்கால் தூக்குற தசை பலவீனம். இரண்டும் வேற வேற தொகுதிக்குள்ள போகும். அடுத்த தரமும் அதே செருப்போட, இல்லாட்டி இரண்டு தரமும் வெறுங்காலோட.

எங்கடை பக்கத்தில அடிக்கடி தவறுறது சைக்கிள். ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றுக்குள்ள வரும், “பொல்லு பாவிக்கிறேல்லை” எண்டும் சொல்லும். ஆனால் ஹான்டிலைப் பிடிச்சு உடம்புப் பாரத்தை அதில போட்டுத்தான் வந்திருக்கும். பொல்லு மாதிரி அதுவும் உதவிதான். சைக்கிளை வாங்கி வைச்சிட்டு நடக்கவிடுங்கோ. மனிசியின்ரை தோளைப் பிடிச்சு நடக்கிறதும் ஒருபக்க உதவிதான். 5.0 எண்டு நினைச்ச ஆள் 6.0 ஆய் மாறுறது இந்த இடத்திலதான்.

எண்ணோட மீற்றரையும் எழுதுங்கோ. 6.0 க்கும் 6.5 க்கும் நடுவில கோடு எங்க எண்டதில பயிற்சிக் கைநூல்கள் 1983 கட்டுரையில இருந்து கொஞ்சம் வேறுபடும். மீற்றர் இருந்தால் எந்தக் கைநூலை வைச்சும் திருப்பிப் போடலாம்.

புதுக்குடியிருப்பு தாதி

பிசியோத் தம்பி நடையைச் சொல்லிட்டார். நடக்க விட முந்திச் செய்யவேண்டியது ஒண்டு இருக்கு.

பங்குனி சித்திரை வெக்கையில, பஸ்ஸில நெரிபட்டு வந்த ஆளை உடன நடக்கவிட்டால் அந்த அளவு பிழை. வில்ஹெல்ம் உட்ஹொப் எண்ட கண் வைத்தியர் 1890 இலேயே எழுதினவர்: உடம்பு களைக்க வேலை செய்தால் பார்வை மங்கும், ஓய்வெடுத்தால் திரும்பும். சூடுதான் காரணம் எண்டது பிறகுதான் தெரிஞ்சது. மயலின் எண்ட உறை கழண்ட நரம்பில சமிக்ஞை மட்டுமட்டாத்தான் கடக்குது. சூடு கூடினால் நரம்புக்குள்ள சோடியம் நுழையிற வாய்கள் கெதியாய் மூடும், அடுத்த இடத்தைத் தூண்டுற அளவுக்கு மின்னோட்டம் வராது. அரைப் பாகை கூடினாலே சிலருக்குக் கால் இழுக்கத் தொடங்கிவிடும்.

அதால காலமை 9 மணிக்கு முந்தின நேரம் குடுங்கோ. வந்தவுடன நிழலில, மின்விசிறிக்குக் கீழ அரை மணித்தியாலம் இருத்துங்கோ. காய்ச்சல் பாருங்கோ. 37.5 க்கு மேல எண்டால் அண்டைக்கு எண் போடாதேங்கோ. சலம் சோதியுங்கோ. சலக்கிருமி எம்எஸ் ஆளைப் படுக்கையில போட்டுவிடும், வீட்டுக்காரர் “வருத்தம் திரும்பிட்டுது” எண்டு கொண்டுவருவினம். மறுதாக்கம் எண்டு சொல்ல, புது அறிகுறி 24 மணித்தியாலத்துக்கு மேல, காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் இருக்கவேணும், முந்தின தாக்கத்தில இருந்து 30 நாளாவது கழிஞ்சிருக்கவேணும்.

அடுத்தது மலசலத் தொகுதி. இதுதான் குறைச்சுப் பதியப்படுற தொகுதி. பெண்பிள்ளையளிட்டை புருசன், மாமி நிக்கேக்கை “சலம் அடக்க ஏலுமோ?” எண்டு கேட்டால் “ஓம், பிரச்சினையில்லை” எண்டுதான் வரும். தனிய இருத்திக் கேளுங்கோ. கேள்வியையும் மாத்துங்கோ: “வவுனியாவுக்கு பஸ்ஸில போகேக்கை காலமையில இருந்தே தண்ணி குடிக்காமல் விடுறனீங்களோ?” ஓம் எண்டால் விசயம் இருக்கு. இடைக்கிடை கசிஞ்சால் 2, அடிக்கடி கசிஞ்சால் 3, கிட்டத்தட்ட எப்பவும் குழாய் தேவை எண்டால் 4. சலம் போன பிறகு ஸ்கானில 100 மில்லிலீற்றருக்கு மேல மிச்சம் நிண்டால், சல அவசரத்தைக் குறைக்கிற குளிசையைத் தொடங்க முந்தி டொக்டரிட்டைக் காட்டுங்கோ. அந்தக் குளிசை மிச்சத்தைக் கூட்டும்.

துணுக்காய் மாணவி

நன்றி அக்கா. பிசியோ சொன்ன சைக்கிள் விசயம் எந்தக் கைநூலிலும் இல்லை. இன்னொண்டு: போரில காயப்பட்டு, பிறகு எம்எஸ் வந்த ஆக்களுக்கு என்ன செய்யிறது? ஒரு கால் இல்லாதவருக்கு நடைதூரம் எப்படி எண்ணாகும்?

இரணைமடு வைத்தியர்

இதுதான் இந்த இழையில் மிகத் தேவையான கேள்வி. இரண்டு பகுதியாகப் பிரிக்கவேண்டும்.

முதலாவது ஸ்கான். உடம்பில் செல் (எறிகணை) துண்டு, அதாவது “பீஸ்”, உள்ளவர்கள் வன்னியில் நிறையப் பேர். எம்ஆர்ஐ அறைக்குள் போக முன் “உடம்பில் இரும்பு இருக்கா?” என்று கேட்டால் போதாது. “பீஸ் ஏதும் இருக்கா? காயத்துக்குத் தையல் போட்ட தழும்பு எங்கே?” என்று தலையிலிருந்து கால் வரை கேளுங்கள். சிலர் பழைய காரணங்களால் சொல்லத் தயங்குவார்கள். வைத்தியத்துக்காக மட்டும் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தழும்புள்ள பகுதிக்கு நேராகவும் பக்கவாட்டாகவும் இரண்டு எக்ஸ்ரே. முகத்தில் தழும்பு என்றால் கண்குழிக்குக் கட்டாயம். செல் உறை பெரும்பாலும் உருக்கு, காந்தம் இழுக்கும். தொடைத் தசைக்குள் வருடக்கணக்கில் இறுகிப்போன சின்னத் துண்டு பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள், முண்ணாணுக்கு அருகில், பெருங்குருதிக்கலனுக்கு அருகில் இருப்பதுதான் ஆபத்து. முடிவு கதிரியக்க நிபுணருடையது, எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

எம்ஆர்ஐ முடியாது என்றானால் வழி அடைந்துவிடவில்லை. பார்வைத் தூண்டல் மின்பதிவு இருக்கிறது. லண்டனில் ஹலிடே, இயன் மக்டொனல்ட், முஷின் மூவரும் 1972 இல் காட்டியது அது: பார்வை நரம்பு அழற்சி வந்த கண்ணில், வழக்கமாக 100 மில்லிசெக்கன் அளவில் வரும் அலை தாமதமாக வரும், பார்வை தேறிய பிறகும் அந்தத் தாமதம் நிற்கும். மற்றது மூளைய முண்ணாண் பாயத்தில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (பிறபொருளெதிரிப் புரதங்களின் கோடுகள்). இதற்கு அதே நேரத்தில் எடுத்த இரத்தமும் சேர்த்து அனுப்பவேண்டும். பாயத்தை மட்டும் அனுப்பினால், பட்டை மூளைப் பக்கம் உருவானதா இரத்தத்திலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது, திரும்ப முதுகில் ஊசி குத்தவேண்டி வரும்.

இரண்டாவது எண். தொகுதிப் புள்ளி எம்எஸ்ஸால் வந்த குறைக்கு மட்டுமே. முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக் காலுடன் 300 மீற்றர் நடப்பவருக்கு 4.5 என்று போடுவது பிழை, அந்த இழப்பு எம்எஸ்ஸுடையது அல்ல. 2.0 என்று போடுவதும் பிழை. “நடைப்பகுதி பொருந்தாது, காரணம் வலக்கால் இழப்பு” என்று எழுதி, பார்வை, மூளி, மூளைத்தண்டு, மலசலத் தொகுதிகளைத் தனித்தனியாகப் பதியுங்கள். பழைய முண்ணாண் காயம் உள்ளவருக்கும் இதுவே. எம்எஸ் தொடங்க முன் எப்படி நடந்தார் என்பதை வீட்டாரிடம் கேட்டு, பிறகு ஒப்பிடுவதற்கான தொடக்க நிலையாக எழுதிவையுங்கள்.

மாங்குளம் பிசியோ

இப்படியான ஆக்களுக்குக் கைச் சோதினை பெரிய உதவி. ஒன்பது துளைப் பலகை: ஒன்பது முளையையும் ஒவ்வொண்டாய்ப் போட்டு, ஒவ்வொண்டாய் எடுத்து முடிக்கிற நேரம். முதல் வழக்கமான கை இரண்டு தரம், பிறகு மற்றக் கை இரண்டு தரம், சராசரி எடுங்கோ. 300 செக்கனுக்கு மேல நிப்பாட்டலாம். பலகையை மாத்தாதேங்கோ, துளை இறுக்கமாய் இருந்தாலே நேரம் கூடும்.

நடக்கிற ஆக்களுக்கு 25 அடி வேகநடை, அதாவது 7.62 மீற்றர். நிண்ட இடத்தில இருந்து தொடக்கம், ஓடக்கூடாது, பாதுகாப்பாய் ஏலுமான வேகம், இரண்டு தரம். செயற்கைக் காலோட நடக்கிறவரையும் அவற்றை முந்தின நேரத்தோடயே ஒப்பிடலாம். 20 வீதத்துக்கு மேல மாறினால் கணக்கில எடுங்கோ. இந்தச் சோதினையள் 1990களில வந்ததே கேர்ட்ஸ்கியின்ரை கோல் கையையும் அறிவையும் குறைச்சுப் பாக்குது எண்டதாலதான். 6.0 க்கு மேல போனால் கை முழுக்க விழுந்தாலும் எண் கன காலம் அசையாது.

பரந்தன் புள்ளிவிபரம்

அசையாத விசயத்தைத் தொட்டதால் ஒரு வேண்டுகோள். ஈடிஎஸ்எஸ் வரிசை எண், அளவு எண் இல்லை. 2.0 இலிருந்து 3.0 க்குப் போவதும் 6.0 இலிருந்து 7.0 க்குப் போவதும் ஒரே தூரம் அல்ல. நோயாளிகள் 4, 5 களில் குறைந்த காலமும் 6 இல் நீண்ட காலமும் நிற்பதால், ஒரு கிளினிக்கின் எண்களை வரைந்தால் கீழே ஒரு கூம்பும் 6 பக்கம் ஒரு கூம்பும் வரும். சராசரி எடுத்தால் யாருமே இல்லாத பள்ளத்தில் போய் விழும். இடையம் எடுங்கள், அல்லது 6.0 ஐ அடைய எடுத்த வருடங்களைக் கணக்கிடுங்கள். கனடாவின் லண்டன் நகரில் வைன்ஷெங்கர் குழு 1989 இல் அப்படித்தான் செய்தது. நடுப்பட்ட காலம் 15 வருடம் என்று வந்தது, அது இன்றைய மருந்துகளுக்கு முந்திய காலத்துக் கணக்கு.

ஆய்வுகளில் “மோசமாகிவிட்டது” என்று எண்ண வழக்கமான விதி: தொடக்கம் 5.5 அல்லது குறைவு என்றால் 1.0 கூடவேண்டும், அதற்கு மேல் என்றால் 0.5 போதும். அதுவும் 12 கிழமை அல்லது 24 கிழமை கழித்துத் திரும்ப அளந்து உறுதியாகவேண்டும்.

பரோ தீவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் தொடங்குகிறேன். கேர்ட்ஸ்கியின் அரைவாசி வாழ்க்கை அதில் போயிருக்கிறது. டென்மார்க்குக்கு உட்பட்ட அந்தத் தீவுகளை 1940 இல் பிரித்தானியப் படை பிடித்து 1945 வரை இருந்தது. தீவைவிட்டு வெளியே வாழாத மக்களில் முதலாவது எம்எஸ் 1943 இல் தொடங்கியதாக அவரும் ஹில்லெஸ்டெட் என்ற சக ஆய்வாளரும் 1979 இல் எழுதினார்கள். படை தங்கிய ஊர்களும் நோயாளிகளின் ஊர்களும் ஒத்துப்போவதாகவும் காட்டினார்கள். அலை அலையாக நோய் வந்தது, ஆகவே இது இளவயதில் பரவும் ஏதோ தொற்று, பரவியவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் எம்எஸ் ஆகிறது என்பது அவரின் முடிவு. எனக்கு அது இன்றும் வலுவான வாதமாகப் படுகிறது.

இரணைமடு வைத்தியர்

பரந்தன் அண்ணை, அதில் நான் உடன்படவில்லை. சில பத்தாயிரம் சனம் உள்ள தீவு, சில பத்து நோயாளிகள். ஐந்து பேரை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு அலை உருவாகும், அந்தப் பக்கம் தள்ளினால் மறையும். நரம்பியல் நிபுணர் தேடிப் போன பிறகுதான் நோய் தெரியவந்தது என்ற விளக்கத்தையும் அவரால் முழுதாக மூட முடியவில்லை. போசர் போன்ற நரம்பியல் நிபுணர்கள் அப்போதே மறுத்தார்கள். படையினர் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவரின் உறுதியான வேலை அமெரிக்கப் படைவீரர் பதிவேடுகள். 5,305 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் அதே வயதில் அதே காலத்தில் படையில் சேர்ந்த நோயற்ற ஒருவர். எல்லாரும் சேரும்போதே பரிசோதிக்கப்பட்டவர்கள், பிறந்த இடம் பதிவில் இருக்கிறது. வடக்கில் கூட, தெற்கில் குறைய, கறுப்பின ஆண்களுக்கு வெள்ளையரின் அரைவாசி அளவு. வடக்கில் பிறந்து, படையில் சேர முன் தெற்குக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஆபத்துக் குறைந்தது. பிறப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பரந்தன் புள்ளிவிபரம்

நோயாளி எண்ணிக்கை குறைவு என்பதை ஏற்கிறேன் டொக்டர். ஆனால் தொற்று என்ற திசை பிழைக்கவில்லை. 2022 சனவரியில் ஹார்வர்ட் குழு வெளியிட்டதும் படைப் பதிவுதான். ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர், எச்ஐவி சோதனைக்கு எடுத்து மிஞ்சிய இரத்தம். 801 எம்எஸ் நோயாளிகளில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் நோய் தொடங்க முன் எப்ஸ்டைன் பார் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு. உலகில் பெரும்பாலானோருக்குத் தொற்றும், மிகச் சிலருக்கே எம்எஸ் வரும். கேர்ட்ஸ்கி நினைத்த வடிவம் இதேதான், கிருமியின் பெயரும் பரவிய வழியும்தான் வேறு.

இரணைமடு வைத்தியர்

வடிவம் ஒத்துப்போகிறது, ஏற்கிறேன். பரோ தீவு அதற்குச் சாட்சி என்பதை ஏற்கவில்லை. எப்ஸ்டைன் பார் வைரஸ் பிரித்தானியர் வர முன்பே அங்கே இருந்திருக்கும்.

தங்கச்சி, இதிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டியது வேறொன்று. அவரின் வரைபடத்தில் நாங்கள் குறைந்த ஆபத்து வலயம், ஒரு இலட்சத்துக்கு 5 க்குக் கீழ். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, பரோ 62 இல். ஆகவே இங்கே ஒருவர் எம்எஸ் போல வந்தால், எண் போட முன் அது எம்எஸ்தானா என்று பாருங்கள். இரு கண்ணும் ஒன்றாக இருண்டால், முண்ணாணில் மூன்று முள்ளந்தண்டென்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால், காரணமில்லாத விக்கலும் வாந்தியும் நாள்கணக்கில் நின்றால், அக்குவாபோரின்-4 பிறபொருளெதிரிக்கு அனுப்புங்கள். 2004 இல் லெனன் குழு கண்டது அது. அந்தப் பிறபொருளெதிரி காட்டும் நோய் நியூரோமயலைட்டிஸ் ஒப்டிக்கா, பார்வை நரம்பையும் முண்ணாணையும் தாக்குவது. ஆசியாவில் இந்த நோய் எம்எஸ்ஸோடு அடிக்கடி குழம்புகிறது. எம்எஸ் என்று நினைத்துப் பீட்டா இன்டர்பெரோனோ பிங்கோலிமோடோ கொடுத்தால் மோசமாகும். பி12 குறைபாடு, முள்ளந்தண்டுக் காசநோய், சிபிலிஸ் மூன்றையும் தவறவிடாதீர்கள்.

மெதைல்பிரெட்னிசொலோன் 1 கிராம் நாளத்தில், 3 முதல் 5 நாள் கொடுக்க முன் சீனி, சலம், மார்பு எக்ஸ்ரே பாருங்கள். வயலில் வெறுங்காலுடன் வேலை செய்பவர் என்றால் ஸ்ட்ரொங்கிலொய்டெஸ் புழுவையும் நினையுங்கள். ஸ்டீரொயிட் கொடுத்தால் அது உடல் முழுக்கப் பரவக்கூடும்.

துணுக்காய் மாணவி

கடைசிக் கேள்வி. கிளினிக் கொப்பியில இடம் குறைவு. ஒரு ஆளுக்கு எத்தினை வரி எழுதினால் அடுத்த தரம் பாக்கிற ஆளுக்குக் காணும்?

புதுக்குடியிருப்பு தாதி

நாலு வரி காணும் பிள்ளை. முதல் வரி: திகதி, நேரம், காய்ச்சல் அளவு, சலச்சோதினை. இரண்டாவது: “ஏனையவை” தவிர்ந்த தொகுதிப் புள்ளி ஏழும் ஒரே ஒழுங்கில. பார்வைக்குத் திருத்தக் கண்ணாடியோட, மோசமான கண்ணின்ரை அளவையும் பக்கத்தில எழுதுங்கோ, 6/18 மாதிரி. மூண்டாவது: நடந்த மீற்றர், என்ன தரை, என்ன செருப்பு, பொல்லோ ஆளோ சைக்கிளோ. நாலாவது: எம்எஸ் இல்லாத பழைய காயங்கள், பீஸ் இருக்கிற இடம், எக்ஸ்ரே எடுத்த திகதி. ஈடிஎஸ்எஸ் எண்ணைக் கடைசியில, வட்டம் போட்டு எழுதுங்கோ.

மாங்குளம் பிசியோ

அளந்த ஆளின்ரை பேரும் வேணும் அக்கா. கீழ்ப் படிகளில, 1.0 க்கும் 3.5 க்கும் இடையில, இரண்டு பேர் ஒரே ஆளைப் பார்த்தால் ஒரு புள்ளி வித்தியாசம் வாறது சாதாரணம். ஏலுமெண்டால் ஒரே ஆளே திரும்ப அளக்கட்டும்.